கொழும்புச் சமையலறையில் சவர்டோ சீஸ் வாஃபிள்: முழுமையான வழிகாட்டி

கடை ஈஸ்ட் இல்லாமல் புளித்த மாவாலேயே எழும் சவர்டோ பாணைச் சுடுகிற வீடுகளில், அதை எழவைக்கும் புளித்த மாக்கலவையான ஸ்டார்டருக்குப் புதிய மா போடும் ஒவ்வொரு முறையும் பழையதில் ஒரு பகுதியை எடுத்து ஒதுக்க வேண்டியிருக்கும். ஒதுக்கியதைக் கொட்ட மனம் வராமல், ஜாம் போத்தல்களில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் வரிசையாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பலர். அந்தப் புளித்த மாவுக்கு, குழிகளுள்ள இரு சூடான தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுடும் சீஸ் வாஃபிளைப் போலப் பொருத்தமான பலகாரம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். மாவின் புளிப்பும் சீஸின் உப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே நல்ல அப்பத்தின் நடுப்பகுதியைப் போல மென்மையாகவும் வரும் இந்த வாஃபிளைக் காலை உணவாகவோ இரவுச் சாப்பாடாகவோ வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் குளிர்நாடுகளில் எழுதப்பட்ட சமையற்குறிப்புகளில் உள்ள நேரக் கணக்கைக் கொழும்பில் அப்படியே பின்பற்றினால் வாஃபிள் கெட்டுவிடும். நான் முதன்முறை செய்தபோது, "இரவு முழுவதும் மேசையில் வையுங்கள்" என்ற குறிப்பை நம்பி, வெள்ளவத்தையில் காற்றோட்டம் குறைந்த என் சமையலறையில் கலவையைப் பத்து மணி நேரம் வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது வினாகிரியைப் போன்ற கடும் வாசனை வந்தது. இரவு கெட்டியாக இருந்த மா, கரண்டியில் நிற்காமல் ஓடியது. சுட்ட வாஃபிள் வெளிறிப்போய், மெஷினின் குழிகளில் பசையாக ஒட்டிக்கொண்டது; அதைப் பற்குச்சியால் கிளறி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இதற்குக் காரணம் எளிது. கொழும்பில் இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 25 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அடுப்பெரிந்த சமையலறையில் அது 29, 30 வரை போகும். அந்தச் சூட்டில் மதுவமும் (ஈஸ்ட்) பற்றீரியாவும் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே தம் வேலையை முடித்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அமிலம் ஏறிக்கொண்டே போக, மாவைப் பிணைத்து வைக்கும் குளூட்டன் என்ற புரத வலை சிதைகிறது. சிவந்து பொரிவதற்குத் தேவையான சர்க்கரையும் தீர்ந்துவிடுகிறது. அப்பத்துக்கு மா கரைத்து வைக்கும் எவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மாவைப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். இங்கும் அதே பழக்கம்தான் வேண்டும்.

ஸ்டார்டர்: இல்லாதவர்களுக்கும் இருப்பவர்களுக்கும்

ஸ்டார்டர் என்பது மாவும் தண்ணீரும் சேர்ந்து புளித்த கலவை. முந்தைய நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக எடுத்துப் புதிய பாலில் இடுவது எப்படியோ, அப்படியே பழைய புளித்த மாவில் சிறிதளவை எடுத்துப் புதிய மாவுக்கு ஊட்டி அதைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்கிறோம். அதில் வாழ்பவை காட்டு மதுவங்களும் லக்டிக் அமிலப் பற்றீரியாக்களும். அவை பெரும்பாலும் மாவிலேயே இருந்தவை. கடையில் வாங்கும் ஈஸ்ட் எதுவும் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாள் 50 கிராம் ஆட்டா மாவையும் 50 கிராம் கொதித்தாறிய தண்ணீரையும் கண்ணாடிப் போத்தலில் கலந்து, மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். தவிட்டோடு கூடிய ஆட்டா மாவில் நுண்ணுயிர்கள் அதிகம் என்பதால் தொடக்கத்துக்கு அதுவே நல்லது. குழாய்நீரில் கலக்கப்படும் குளோரின் நுண்ணுயிர்களைத் தடுக்கக்கூடும். குடிப்பதற்கென்று நம் வீடுகளில் எப்படியும் நீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கிறோம் என்பதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த நாளிலிருந்து தினமும் 50 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அகற்றிவிட்டு, 50 கிராம் மாவும் 50 கிராம் நீரும் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கலவை பொங்கி எழுந்து, கெட்ட வாசனை ஒன்றையும் வீசும். ஸ்டார்டர் தயாராகிவிட்டதென்று பலர் ஏமாறுவது அப்போதுதான். அது வேறுவகைப் பற்றீரியாக்களின் வேலை. அமிலம் ஏறியதும் அவை அடங்கிவிடும். கலவை இரண்டு நாள் செத்துப்போனது போலக் கிடக்கும். அந்த இரண்டு நாளிலும் அதைக் கைவிடாமல் தொடர்ந்து மா போட வேண்டும். ஒரு வாரத்துக்குள், மா போட்ட நான்கு மணி நேரத்தில் இரு மடங்காக எழுந்து, பழுத்த பழத்தையும் தயிரையும் சேர்த்து முகர்ந்தாற்போன்ற வாசனையைத் தரும் நிலைக்கு அது வந்துவிடும். போத்தலைச் சுற்றி ஒரு றப்பர் வளையத்தை மாட்டி வைத்தால் எவ்வளவு எழுந்தது என்பது துல்லியமாகத் தெரியும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. நன்கு எழுந்த ஸ்டார்டரும் கலக்கியதும் காற்றிழந்து மூழ்கிவிடும்.

ஏற்கெனவே ஸ்டார்டர் வைத்திருப்பவர்கள், குளிர்சாதனப் பெட்டியில் சேர்த்து வைத்த ஒதுக்கிய மாவையே எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு வாரத்துக்குட்பட்டதாக இருப்பது நல்லது. மேலே சாம்பல் நிற நீர் தேங்கியிருந்தால் அதை வடித்துவிடலாம். இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள் கோடுகளோ பூஞ்சணமோ தெரிந்தால் மொத்தத்தையும் எறிந்துவிட வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, ஸ்டார்டரைக் காப்பாற்ற நான் அதை எண்ணெய்த் தாளில் மெல்லியதாகத் தடவி நிழலில் காயவைத்து, அப்பளம் போல நொறுக்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைத்தேன். அந்தச் செதில்களை நீரில் ஊறவைத்து மா சேர்த்தபோது மூன்றாம் நாளே அது பழைய நிலைக்கு வந்துவிட்டது. எல்லோரும் இப்படி ஒரு பிடி செதிலைக் காயவைத்து வைத்திருப்பது நல்லது.

பொருள்களும் அவற்றின் காரணங்களும்

ஆறு வாஃபிளுக்கான அளவைத் தருகிறேன். சமையலறைத் தராசில் நிறுத்து எடுப்பதே சிறந்தது. கோப்பை அளவில் மா அமுங்கும் விதத்தைப் பொறுத்து எடை வெகுவாக மாறும். இரவுக் கலவைக்கு 150 கிராம் ஸ்டார்டர், 150 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி சீனி, 220 கிராம் மோர் தேவை. காலையில் சேர்ப்பதற்கு 2 முட்டை, 40 கிராம் பட்டர், 20 கிராம் தேங்காயெண்ணெய், 30 கிராம் அரிசி மா, 100 கிராம் துருவிய சீஸ், அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா ஆகியவற்றை எடுத்து வைக்க வேண்டும். இவற்றோடு ஒரு லீக்ஸ் தண்டு, இரண்டு பச்சை மிளகாய், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, கால் தேக்கரண்டி இடித்த மிளகு.

மோருக்குச் சட்டியில் விற்கும் எருமைத் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். 120 கிராம் தயிரை 100 கிராம் நீர் விட்டு நன்றாகக் கடைந்தால் போதும். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் வாஃபிளின் உட்புறம் செழுமையாக வரும். சட்டியின் மேல் படிந்திருக்கும் தடித்த ஆடையையும் சேர்த்தே கடையலாம்.

கொழுப்பை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. பட்டர் மணத்தைத் தருகிறது. ஆனால் அதில் ஆறில் ஒரு பங்களவு நீரே. தேங்காயெண்ணெயில் நீர் இல்லை என்பதால் மேற்புறம் கூடுதலாகப் பொரிகிறது. மாஜரீனை நான் பரிந்துரைப்பதில்லை. பாணில் பூசுவதற்கென்று விற்கும் வகைகளில் நீர் இன்னும் அதிகமாக இருப்பதால் வாஃபிள் தளர்ந்துவிடும். அரிசி மா மொறுமொறுப்புக்காக. புட்டுக்கென்று வறுத்து வைத்த மா நீரை அதிகம் இழுக்கும். வறுக்காத வெள்ளை அரிசி மா இருந்தால் அதையே போடுங்கள்.

சீஸைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான வாஃபிள்கள் சறுக்குவது இங்கேதான். தகட்டில் சுற்றி முக்கோணமாகவும் சதுரத் தாள்களாகவும் விற்கப்படும் பதப்படுத்திய சீஸில், எண்ணெய் பிரியாமல் ஒன்றாக உருகுவதற்கான உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பாணுக்கு நடுவே வைத்து உருக்க அது நல்லது. வாஃபிளுக்கோ, உருகிய சீஸ் சூடான தகட்டில் கொழுப்பைக் கசியவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே பொரிந்து சிவக்க வேண்டும். அதைச் செய்வது கட்டியாக விற்கும் செடார் போன்ற உண்மையான சீஸ். அதையும் நீங்களே துருவுங்கள். துருவிப் பொதி செய்து வருவதில் ஒட்டாமலிருக்க மாப்பொருள் தூவியிருப்பார்கள். மொஸரெல்லா நூலாக இழுபடும், ஆனால் சுவை மந்தம். சேர்க்க விரும்பினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். செடாரில் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு இருப்பதை நினைவில் வைத்தே மேலே உப்பைக் குறைவாகச் சொன்னேன்.

சைவ உணவு உண்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாலைத் திரைய வைக்கும் ரெனெட் சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. வேறு சிலவற்றில் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படுவது. பொதியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு முட்டையில்லாமல் செய்வதானால், 40 கிராம் உளுந்தை மூன்று மணி நேரம் ஊறவைத்து, குறைந்த நீரில் பஞ்சு போல அரைத்து, முட்டைக்குப் பதிலாகக் காலையில் சேர்க்கலாம். நிறம் சற்றுக் குறையும், ஆனால் உளுந்தின் மணமும் சீஸும் நன்றாகவே ஒத்துப்போகும்.

இரவு

மாலை ஏழு மணியளவில், விரிந்த வாயுள்ள பெரிய பாத்திரத்தில் ஸ்டார்டரையும் மோரையும் கரைத்து, கோதுமை மாவையும் சீனியையும் சேர்த்து, உலர்ந்த மா தெரியாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். சிறு கட்டிகள் இருந்தால் பரவாயில்லை, அவை தாமே கரைந்துவிடும். உப்பை இப்போது போட வேண்டாம். பாத்திரத்தை மூடி மேசையில் வையுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆங்காங்கே குமிழிகள் தோன்றும். இரண்டரை மணி நேரத்தில் மேற்பரப்பு முழுவதும் துளைகளாகி, பாத்திரத்தை இலேசாகச் சாய்த்தால் மா ஒரே திரளாக அசையும். கரண்டியால் ஓரத்தை விலக்கினால் உள்ளே வலை போன்ற இழைகள் தெரியும். அதுவே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய தருணம். குளிர்ந்து முடிவதற்குள் இன்னும் சற்றுப் புளிக்கும் என்பதால், உச்சத்துக்கு வருவதற்குச் சற்று முன்பே வைப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய ஸ்டார்டரைக் கொண்டு செய்தால் இதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரமாவது ஆகும். மழை கொட்டுகிற நாளில் ஒரு நேரம், ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் இன்னொரு நேரம். எனவே நான் சொல்லும் மணிக்கணக்கைவிட அந்த இழைகளை நம்புங்கள்.

காலை

மெஷினைச் சூடாக்குவதற்கு முப்பது நிமிடத்துக்கு முன் மாவை வெளியே எடுத்துவிடுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட வேண்டாம். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உறையத் தொடங்கும். குளிர்ந்த மாவில் உருக்கிய பட்டரையும் எண்ணெயையும் ஊற்றினால் அவை மணி மணியாகத் திரண்டு, வாஃபிளில் ஓரிடம் எண்ணெயாகவும் ஓரிடம் வறண்டும் போகும்.

இதற்கிடையில் லீக்ஸை மண் போகக் கழுவுங்கள். தண்டின் அடுக்குகளுக்குள் மலைநாட்டு மண் ஒளிந்திருக்கும். நெடுக்காகப் பிளந்து ஓடும் நீரில் பிடித்தால்தான் அது போகும். மெல்லியதாக அரிந்து, எடுத்து வைத்த பட்டரிலேயே கறிவேப்பிலையுடன் இரண்டு நிமிடம் வதக்குங்கள். பச்சையாகப் போட்டால் அதன் நீர் சுடும்போது வெளியேறி வாஃபிளை நனைத்துவிடும். வதங்கியதும் தேங்காயெண்ணெயையும் அதிலேயே விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவையுங்கள்.

முட்டையின் மஞ்சட்கருவை மாவில் சேர்த்து, வெண்கருவைத் தனியே மென்மையான நுரையாக அடித்து வையுங்கள். மாவில் லீக்ஸ், பட்டர், அரிசி மா, உப்பு, மிளகு, அரிந்த மிளகாய், சீஸில் முக்கால் பங்கு ஆகியவற்றைக் கலந்து, மெஷின் முழுச் சூட்டை அடைந்த பிறகே அப்பச்சோடாவுக்குக் கை நீட்டுங்கள். அதை ஒரு தேக்கரண்டி நீரில் கரைத்து ஊற்றிக் கிளறியதும், மா மெல்ல மூச்சு விடுவது போலச் சீறி, பத்து விநாடிக்குள் வெளிறிய நுரையாக உப்பிப் பாத்திரத்தில் மேலேறும். மாவிலுள்ள அமிலம் சோடாவோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. அந்த வாயு நமக்காகக் காத்திருக்காது. அதனால்தான் சோடா கடைசி. சோடா இன்னொரு வேலையையும் செய்கிறது. அமிலம் குறையும்போது மா நன்றாகச் சிவக்கிறது. அதற்காக அளவைக் கூட்டிவிட வேண்டாம். மிஞ்சினால் சவர்க்காரச் சுவை வரும். இறுதியாக வெண்கரு நுரையை மூன்று, நான்கு சுற்றில் மடித்துச் சேர்த்து நிறுத்திவிடுங்கள்.

மெஷினும் சுடும் முறையும்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாஃபிள் மெஷின் கேட்பவர்கள் முதலில் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட்; கனடாவில் வீடுகளுக்கு வருவது 120 வோல்ட். ரொறன்ரோவிலிருந்து என் சித்தியின் மகள் அன்போடு கொண்டுவந்த மெஷினை, பிளக்கை மாற்றும் அடாப்டர் ஒன்றைப் போட்டு நான் இங்கு செருகினேன். சில விநாடிகளில் புகை வந்து அது முடிந்துபோனது. பிளக் அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. சூடாக்கும் கம்பி தனக்குரிய வலுவைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் இழுத்துக்கொள்ள, அது எரிந்துவிடுகிறது. லண்டனிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வருவது என்றால் இந்தச் சிக்கல் இல்லை. குழி ஆழமான மெஷினைவிட, இதய வடிவில் மெல்லிய வாஃபிள் தரும் மெஷினையே சீஸ் வாஃபிளுக்கு நான் தேர்ந்தெடுப்பேன். மெல்லியதில் பொரிந்த மேற்புறத்தின் பங்கு அதிகம்.

வாஃபிள் என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு ஒல்லாந்து மொழியிலிருந்து வந்தது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் காலத்தோடுதான் நாம் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸின் பெயரையும் தொடர்புபடுத்துவார்கள். கொக்கிஸ் அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் நன்கு காயவைத்த பிறகே மாவில் தோய்ப்போம், ஏனெனில் சூடான உலோகம் தொட்டவுடன் மாவின் வெளிப்படை இறுகிவிட வேண்டும். வாஃபிளுக்கும் இதே விதிதான். மெஷினின் விளக்கு மாறியதும் ஊற்றிவிடாமல் இன்னும் ஐந்து நிமிடம் காயவிடுங்கள்.

தகட்டில் எண்ணெயைத் தூரிகையால் தடவி, ஒதுக்கிய சீஸில் ஒரு தேக்கரண்டியைத் தூவி, அது குமிழியிட்டவுடன் ஓர் அகப்பை மாவை நடுவில் ஊற்றி, மேலே சிறிது சீஸைத் தூவி மூடுங்கள். முதல் மூன்று நிமிடம் திறக்கவே கூடாது. இடையில் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மேலேயும் மறுபாதி கீழேயும் ஒட்டிக்கொள்ளும். பக்கங்களிலிருந்து வேகமாக வந்த ஆவி மெலிந்து, ஏறத்தாழ நின்றுவிடும்போது வாஃபிள் வெந்திருக்கும். பெரும்பாலும் ஐந்து நிமிடம். மூடி இலகுவாக மேலெழாவிட்டால் இழுக்காமல் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். தகட்டில் ஒட்டியிருந்த சீஸ் பொரிந்து விளிம்பில் பொன்னிறச் சரிகை போல வாஃபிளோடு கழன்று வரும். ஒட்டாத பூச்சுள்ள தகட்டில் உலோகக் கரண்டி படக் கூடாது.

சுட்டதைத் தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில், கம்பித் தட்டில் தனித்தனியாக வைத்தாலும் கால் மணி நேரத்தில் மொறுமொறுப்பு குறையத் தொடங்கும். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டுமானால் 100 பாகைச் சூட்டிலுள்ள ஓவனில் கம்பித் தட்டோடு வைத்துக் காத்திருங்கள். ஓவன் இல்லாவிட்டால் சுடச்சுட ஒவ்வொருவராகப் பரிமாறுவதே வழி.

தொட்டுக்கொள்ளவும் எடுத்து வைக்கவும்

சீனிச் சம்பலே முதல் தெரிவு. அதன் இனிப்பும் உறைப்பும் புளித்த மாவின் சுவையை எடுத்துக் காட்டும். மாசி சேர்த்த கட்டைச் சம்பலும், மேலே எலுமிச்சை பிழிந்து, நன்றாகவே இருக்கும். சொதி வேண்டாம், வாஃபிள் ஊறிப்போகும்.

மிஞ்சியவற்றை முழுவதும் ஆறவைத்து, நடுவே எண்ணெய்த் தாள் வைத்துப் பொதிந்து உறைபெட்டியில் ஒரு மாதம் வைத்திருக்கலாம். உருகவைக்காமல் நேரடியாக டோஸ்டரில் போட்டால் மொறுமொறுப்பு திரும்பி வரும். மைக்ரோவேவில் போட்டால் றப்பராகிவிடும். சோடா சேர்த்த மா மிஞ்சினால் அதை வைத்திருப்பதில் பயனில்லை. அன்றைக்கே முழுவதையும் சுட்டு உறையவைத்துவிடுங்கள். போத்தலில் மீந்திருக்கும் ஸ்டார்டருக்கு 50 கிராம் மாவும் 50 கிராம் கொதித்தாறிய நீரும் ஊட்டி, ஒரு மணி நேரம் மேசையில் வைத்து, குமிழிகள் தோன்றத் தொடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் அடுத்த வாரத்துக்கு அது தயாராக இருக்கும்.